உப்புத்தாளைக் கீழே வைங்க, தம்பி!

நன்னிலம் ஸ்டேஷனில் கால் வைத்ததுமே என் உரச்சாக்கு "கிணிங்" என்றது.

மயிலாடுதுறையில் ரயில் மாறியதிலிருந்தே அது அப்படித்தான். பேரளத்தில் ஒரு தடவை, பூந்தோட்டத்தில் ஒரு தடவை. எதிர் சீட்டு அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

"பூஜை சாமானுங்களா?"

"இல்லீங்க. சைக்கிள்."

"சாக்குக்குள்ளயா? முழுசாவா?"

"ஃபிரேமும் சக்கரமும் ஊர்ல இருக்கு. இது மிச்சம்."

அந்த அம்மாள் தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். பழைய இரும்புத் திருடன் என்று நினைத்திருக்கலாம். குற்றம் சொல்ல முடியாது. சாக்கிலிருந்து தலை நீட்டிய ஹேண்டில்பாரின் கோலம் அப்படி. பாதி வெள்ளை, பாதி சாம்பல், நடுநடுவே சொறி பிடித்த மாதிரி.

அந்தக் கோலத்துக்குக் காரணம் வேறு யாருமில்லை. சாட்சாத் நான்தான்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீடு நன்னிலத்தில், வேலை அச்சுதமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. ஆகவே 1957-ல் ஒரு ராலி சைக்கிளை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊரில் செய்தது. "சீமை ராலி" என்று சொல்லும்போதே அவருக்குத் தோள் ஒரு அங்குலம் உயரும்.

அந்தக் காலத்தில் சைக்கிளில் ஜாதி உண்டு. சென்னை அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் செய்து தள்ளியது. ராலியையே வங்காளத்தில் ஆஸன்சோல் பக்கம் ஸென்-ராலி என்ற பெயரில் செய்தார்கள். இருந்தாலும் சீமைச் சரக்கு என்றால் தனி மரியாதை. நாங்கள் பையன்கள் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பார்த்தே கம்பெனி பெயர் சொல்லிவிடுவோம். விரித்த உள்ளங்கை வெட்டியிருந்தால் ரட்ஜ். ஆட்கள் வரிசையாக ஓடினால் ஹம்பர். நாரைத் தலை இருந்தால் ராலி. எங்கள் வயலில் ஒற்றைக்காலில் நிற்கிற நாரை எப்படி நாட்டிங்ஹாம் வரை போயிற்று என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

அப்பா 1994-ல் போய்விட்டார். சைக்கிள் அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையில் மாட்டிக்கொண்டது. மாடு போயிற்று, கொட்டகையில் பாதி போயிற்று, சைக்கிள் மட்டும் இருந்தது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா ஒரே போடாகப் போட்டாள். "ஒண்ணு நீ அதை சரி பண்ணு. இல்லே, ஈயம் பித்தளைக்காரன் வந்தா நான் போட்டுடுவேன். வர்ற ஆயுத பூஜை வரைக்கும்தான் டைம்."

ரிடையரான மனிதனிடம் இப்படிச் சொல்லலாமா? கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். ஹேண்டில்பார், மணி, பெடல், ஸ்டாண்டு, லாம்பு மாட்டுகிற கொக்கி, இத்யாதி. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ஆறு ஷீட் வாங்கி, மொட்டைமாடியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை எடுத்துத் தேய்த்தேன் பாருங்கள், அப்படி ஒரு தேய்ப்பு! வலது கைப்பிடிக்குக் கொஞ்சம் உள்ளே, எட்டணா அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை. லேசில் போவதாயில்லை. அதை மட்டும் ஒரு மணி நேரம் தேய்த்தேன். போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தேய்த்த இடமெல்லாம் செம்மண் நிறத்தில் புதுத் துரு!

"சாம்பார் வைக்கத் தெரியாதவன் அடுப்பையே ஒடைச்ச கதை" என்றாள் என் மனைவி.

எனக்குத் தெரியாமல் போன சங்கதி இதுதான். பழைய சைக்கிளில் பளபளப்பது இரும்பல்ல. 1920-கள் வரைக்கும் சைக்கிள் சாமான்களுக்கு நிக்கல் முலாம் மட்டும்தான் பூசினார்கள். அதன் பிறகு நிக்கலுக்கு மேலே குரோமியம். அந்தக் குரோமியம் ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. குரோமியம் துருப் பிடிக்காது. அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாக ஈரம் உள்ளே இறங்கி, அடியில் இருக்கிற இரும்புதான் துருப் பிடித்து, பருவைப் போல மேலே வெடிக்கிறது. நாம் மேலே தெரிகிற பருவைக் கிள்ளுவதாக நினைத்துக்கொண்டு உப்புத்தாளால் முகத்தையே உரித்துவிடுகிறோம்!

நன்னிலம் கடைத்தெருவுக்கு நடந்தேன். அக்டோபர் வெயில். குறுவை அறுப்பு முடிந்து தார் ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. அதற்காக மனிதர்கள் ரோட்டோரமே படுத்துக் கிடக்கிறார்கள். நெல்லே காயாத ஊர் இது. மழை வந்தால் வரப்பிலும் சேறு, மட்கார்டிலும் சேறு. வண்டல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் புகுந்து கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். கிழக்கே நாகூர்ப் பக்கமிருந்து கடற்காற்று வேறு. இரும்பு எத்தனை நாள்தான் தாங்கும்?

பாய் கடை அதே இடத்தில் இருந்தது. அதே வேப்பமரம், அதே பஞ்சர் பார்க்கிற தண்ணித் தொட்டி. கடைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இலவச சைக்கிள்கள் ஏழெட்டு. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, நாலு வருஷத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் வந்த திட்டம் அது. இன்றைக்குச் சின்ன ஊர்களில் சைக்கிள் கடை என்று ஒன்று மிஞ்சியிருக்கிறதென்றால் அந்தப் புண்ணியத்தில் பாதி அதற்குத்தான்.

பாய் பத்து வயதில் இந்தக் கடையில் பம்ப் அடிக்க வந்தவர். இப்போது எழுபத்தாறு.

"வாங்க தம்பி! எப்ப வந்தீங்க?"

அறுபத்திரண்டு வயசு ஆளைத் 'தம்பி' என்று கூப்பிட உலகத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு ஜில்லிப்பு. சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஹேண்டில்பாரை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இங்க ஒரு தடம் இருக்குமே?"

"எங்க பாய்?"

"வலது கைப் பக்கம். மஞ்சளா, எட்டணா அகலத்துக்கு. வாத்தியார் மோதிரம் பட்ட தடம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"உங்க வாத்தியாரு மணி அடிச்சு நான் கேட்டதில்ல தம்பி. சாயங்காலம் வரும்போது பாடிக்கிட்டே வருவாரு. ரப்பரைப் பிடிக்க மாட்டாரு, கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, மோதிரத்தால டக்... டக்...னு தாளம். நான் பஞ்சர் ஒட்டிக்கிட்டிருப்பேன், தலைய நிமிர மாட்டேன், வாத்தியார் வர்றாருன்னு தெரிஞ்சுடும். முப்பது வருஷத் தாளம். குரோமியம் தேஞ்சு நிக்கல் தெரிஞ்சிடுச்சு. நிக்கல் மஞ்சளடிக்கும்ல?"

உப்புத்தாள், மொட்டைமாடி, ஒரு மணி நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவர் ஹேண்டில்பாரைத் துணியில் சுற்றித் தனியே எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

"பாய், சென்னைல குடுத்து மறுபடி குரோமியம் பூசிடலாமே?" என்றேன், அசட்டுத்தனமாக.

"பூசலாம். இருக்கறதை எல்லாம் உரிச்சு, பஃப் அடிச்சு, திரும்ப நிக்கல், திரும்ப குரோமியம். புதுசு மாதிரி இருக்கும். புதுசு வேணும்னா புதுசே வாங்கலாமே தம்பி?"

அந்தக் குரோமியம் லேசுப்பட்ட சமாசாரமும் இல்லை. முலாம் தொட்டியில் வழக்கமாக ஊற்றுகிற குரோமிக் அமிலம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990-களில் மூடிய பிறகும் அதன் கழிவு மலையாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பலருக்கும் தெரியும்.

மற்ற சாமான்களைப் பாய் ஒரு பழைய தகர டின்னில் போட்டு, மூழ்குகிற அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். "ராத்திரி பூரா ஊறட்டும். அவசரப்பட்டா நட்டு உடையும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க. ஓவராயில் பண்ணிடலாம்."

'ஓவர்ஹால்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு எண்ணெய் போட்டு 'ஓவராயில்' ஆக்கியவன் யாரோ, அவனுக்குச் சிலை வைக்கவேண்டும்.

மறுநாள் பகல் பூராவும் கையில் இருந்தது. காலையில் மதுவனேஸ்வரர் கோயில். கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்கிற மாடக்கோயில், யானை ஏற முடியாதபடி உயரத்தில் சந்நிதி. சுந்தரர் பாடிய தலம். தேனீ வடிவில் தேவர்கள் வந்து பூஜித்தார்கள் என்பது புராணம். படியேறி மூச்சு வாங்கியது. யானை மேல் எனக்கு அனுதாபமே வந்துவிட்டது.

பிறகு கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, குடவாசல் தாண்டி நாச்சியார்கோவிலில் இறங்கினேன். குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர். வண்டல் மணலில் அச்சு எடுத்து, உருக்கின பித்தளையை ஊற்றி, ஆறியதும் உடைத்தால் வருகிற விளக்கைப் பார்த்தால் நம் வீட்டு விளக்கு என்று நம்ப மாட்டீர்கள். கறுத்து, சொரசொரவென்று இருக்கும். அப்புறம் அரம், கடைசல், மெருகு. ஒரு பட்டறையில் கடைசல் பிடித்துக்கொண்டிருந்தவர் காலடியில் தங்கத்தூள் மாதிரி பித்தளைச் சுருள் குவிந்து கிடந்தது. "இதெல்லாம் வீணாங்க?" என்றேன். "திரும்ப உருக்கிடுவோம் சார்" என்றார். "ஆனா ஒண்ணு, நீங்க வீட்டுல தேய்க்கறீங்களே, அது திரும்ப வராது. அது சாக்கடையோட போயிடும்."

பழைய வீடுகளில் முகம் மழுங்கின பாவை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்தே மூக்கைக் கரைத்திருப்பார்கள் நம் பாட்டிமார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ல் செய்தது. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். ரிஷபத்தின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற நிலை, ஆனால் ரிஷபத்தைக் காணோம். வாகனம் போய்விட்டது, சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் மேனியில் ஓடுகிற அந்தக் கறுமையையும் பச்சையையும் யாரும் ப்ராஸ்ஸோ போட்டுத் தேய்ப்பதில்லை. தேய்த்தால் ஆயிரம் வருஷம் துணியோடு வந்துவிடும். அதற்காக எல்லாக் களிம்பையும் விட்டுவைப்பார்கள் என்றும் இல்லை. சிலையைத் தின்கிற களிம்பு ஒன்று உண்டு. அதை எடுப்பதற்கென்றே சென்னை மியூசியத்தில் 1930-ல் ஒரு ரசாயனக்கூடம் ஆரம்பித்தார்கள். டாக்டர் எஸ்.பரமசிவன் என்ற விஞ்ஞானி, மின்சாரத்தை மெதுவாகச் செலுத்தி, உலோகத்தைச் சுரண்டாமல் களிம்பை மட்டும் இளக்குகிற முறையைச் செப்புத் திருமேனிகளுக்குப் பயன்படுத்தினார்.

சாயங்காலம் கடைக்கு வந்தால் அதே வித்தை வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருக்கிறது! பாயின் பேரன் பாலிடெக்னிக் மாணவன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா, பைக் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் ஒயரில் என் சைக்கிள் ஸ்டாண்டு தொங்குகிறது. பாசிட்டிவ் ஒயரில் ஒரு துருப்பிடித்த இரும்புத் தகடு. ஸ்டாண்டைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி, தண்ணீர் டிக்காஷன் நிறம்.

"கிட்ட பீடி பிடிக்காதீங்க சார். வர்றது ஹைட்ரஜன்" என்றான் பையன்.

பாய் சிரித்தார். "மொத நாள் இவன் என்ன பண்ணினான் தெரியுமா? அவங்க உம்மாவோட எவர்சில்வர் கரண்டியத் தூக்கிட்டு வந்து தொங்க விட்டுட்டான். மூணு மணி நேரத்துல பாதிக் கரண்டியக் காணோம். வீட்டுல அடி. மறுநாள் காலேஜ்ல வாத்தியாரும் திட்டு. எவர்சில்வர்ல இருக்கற குரோமியம் தண்ணியில எறங்கினா விஷமாம்ல."

பெடலையும் மற்ற சாமான்களையும் பாய் தன் வழியில் செய்தார். மண்ணெண்ணெய் ஊறலில் நட்டுகள் வெண்ணெய் மாதிரி வந்தன. குரோமியம் மிச்சமிருந்த பாகங்களுக்கு சிகரெட் பெட்டி ஈயத்தாள். தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால் துரு சாம்பல் குழம்பாக வழிகிறது, பளபளப்பு பத்திரமாக இருக்கிறது. குரோமியத்தை விட அந்தத் தாள் மிருது என்பதுதான் ரகசியம். பித்தளைக்கு மட்டும் உமிச்சாம்பல். ரைஸ் மில்லில் சும்மா கிடைக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது பொடி மணல். பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்து, விரலில் தொட்டுத் தேய்க்கிறார்.

பிறகு பால் பேரிங். "முன்சக்கரம் பக்கத்துக்கு 10 குண்டு, பின்னால 9, நடு ஆக்சில்ல 11. மொத்தம் 60. இந்தக் கணக்கு தப்பினா வண்டி கத்தும்" என்று ஒவ்வொன்றாகக் கிரீஸில் பதித்தார். கூடையில் முட்டை அடுக்குகிற நிதானம்.

அப்போதுதான் அந்த வில்லை கிடைத்தது. மணிக்கு அடியில் போல்ட்டில் மாட்டி, கறுத்து, சேற்றோடு சேறாக ஒட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் வரி கட்டினதற்கு அடையாளமாகக் கொடுக்கிற வில்லை. இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் நம்பாது. சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, வில்லை மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் வழியில் நிறுத்தி மடக்குவார்கள். ராத்திரியில் லாம்பு இல்லை என்றாலும் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். சுதந்திர நாட்டில் சைக்கிள்காரனுக்குத்தான் எத்தனை சட்டம்!

பித்தளை வில்லை. அப்பா கட்டின வரி. என் கை பரபரத்தது. பாக்கெட்டில் மிச்சமிருந்த உப்புத்தாள் துண்டு தானாகவே வெளியே வந்தது. (திருந்தாத ஜென்மம்!)

"உப்புத்தாளைக் கீழே வைங்க, தம்பி!"

பாய் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கையிலிருந்து வில்லையை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் புளியைக் கரைத்து, அதில் போட்டுவிட்டு டீ சொல்லியனுப்பினார். டீ குடித்து முடித்து, பல் தேய்க்கிற பழைய பிரஷால் வருடினார். ஊர்ப் பெயரில் பாதி வந்தது. 67-68 என்று வருஷம் வந்தது. நம்பரில் மூன்று இலக்கம் வந்தது, நாலாவது மங்கல். நான் "இன்னும் கொஞ்சம்..." என்றேன்.

"எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"அப்பப் போதும்." நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் வைத்தார்.

1967-68. எனக்கு அப்போது அஞ்சு வயசு. அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொண்டு போவார். தலைக்கு மேலே அவர் பாட்டு. முகத்துக்கு நேரே அந்தக் கை, அந்த மோதிரம். தாளச் சத்தத்தை அப்பாவின் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் சைக்கிளின் சத்தமாகக் கேட்டதில்லை. அதனால்தான் மஞ்சள் கறை எனக்குக் கறையாகத் தெரிந்தது போல. பாய் வெளியிலிருந்து கேட்டவர், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் ஹேண்டில்பாரை எடுத்தார். பளபளப்பாக்க முயற்சிக்கவே இல்லை. ஈயத்தாளால் புதுத் துருவை மட்டும் எடுத்து, துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சூடு பறக்கத் துணியால் அழுத்தினார். "வெறும் இரும்பு தெரியுது தம்பி. வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைக்கணும். மெட்ராஸ்ல நீங்க துடைக்க மாட்டீங்க. அக்கா வீட்லயே இருக்கட்டும்."

கூலி கேட்டேன். அட்டையில் எழுதிக் கூட்டினார். குண்டு, கிரீஸ், செயின், டயர் ட்யூப், ஓவராயில் கூலி. ஹேண்டில்பாருக்கும் வில்லைக்கும் நேரே கோடு போட்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டி அக்கா வீட்டு வாசலில் நின்றது. கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரம். அக்கா சந்தனத்தோடு வெளியே வந்தாள். ஹேண்டில்பாரைப் பார்த்து, "இது ஏன் இப்படி இருக்கு? இதை மட்டும் விட்டுட்டாரா பாய்?" என்றாள். நான் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சந்தனப் பொட்டை மணியிலும் வைக்கவில்லை, பாரிலும் வைக்கவில்லை. வலது கைப்பிடிக்குக் கொஞ்சம் உள்ளே, உத்தேசமாக அந்த இடத்தில் வைத்தாள்.

அரை அங்குலம் தள்ளி வைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா பேரனுக்குப் பதினொரு வயசு. சீட் எட்டாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவனுக்கு அக்காவே பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போடக் காட்டிக்கொடுத்தாள். எழுபது வயதில் என்ன ஞாபகம்! இரண்டு தடவை விழுந்தான். மூன்றாவது தடவை வண்டி நெளிந்து நெளிந்து தெருமுனை தாண்டியது. கொஞ்ச நேரம் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெயின் ரோட்டிலிருந்து ஒரு அலறல்:

"யார்ரா அவன், காயற நெல்லு மேல சைக்கிள விடறது?"